பெற்றோர் குருதி ஏற்ற மறுத்தால் தாய்மாமன் என்ன செய்யலாம்?

கேள்வி: என் தங்கையும் அவருடைய கணவரும் சில ஆண்டுகளுக்கு முன்னர் யெகோவாவின் சாட்சிகள் சபையில் சேர்ந்தார்கள். அவர்களுடைய 9 வயது மகளுக்கு அடுத்த மாதம் முதுகெலும்பில் சத்திரசிகிச்சை செய்ய இருக்கிறார்கள். குருதி ஏற்ற நேரிடலாம் என்று வைத்திய நிபுணர் சொல்லியும், அது தங்கள் மத நம்பிக்கைக்கு எதிரானது என்று பெற்றோர் சம்மதிக்கவில்லை. பிள்ளையை என் பொறுப்பில் விடும்படி நான் வழக்குப் போட முடியுமா? அவளைக் கோயிலுக்குக் கூட்டிச் செல்லவும் விடுகிறார்கள் இல்லை. (வாசகர், உப்புவெளி, திருகோணமலை)

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு முறைப்பாடுகள் கலந்திருக்கின்றன. அவற்றைப் பிரிக்காமல் நீதிமன்றத்துக்குப் போனால், வலுவான முறைப்பாட்டை வலுவற்றது கெடுத்துவிடும்.

கோயில் விடயத்தை முதலில் முடித்துவிடுவோம். தான் விரும்பும் மதத்தை ஏற்கும் சுதந்திரத்தை அரசியலமைப்பின் 10 ஆம் உறுப்புரை எவ்வித மட்டுப்பாடும் இன்றி வழங்குகிறது. பிள்ளையின் மத வாழ்வை வழிப்படுத்தும் பெற்றோரின் உரிமையை, இலங்கை 1991 இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 14 ஆம் உறுப்புரையும் மதிக்கிறது. காது குத்துவதிலிருந்து திருமணம் வரை தாய்மாமனுக்கு நம் ஊரில் எவ்வளவு மரியாதை இருந்தாலும், பெற்றோர் உயிருடன் இருக்கையில் சட்டம் அவரைப் பாதுகாவலராகக் கருதுவதில்லை. ஆகவே மதமாற்றத்தைக் காரணம் காட்டிப் பிள்ளையைக் கேட்காதீர்கள். 1993 இல் ஹொஃப்மன் எதிர் ஒஸ்திரியா வழக்கில், இதே சபையைச் சேர்ந்த ஒரு தாயிடமிருந்து அவருடைய மதத்தை முதன்மைக் காரணமாகக் கொண்டு பிள்ளைகளின் பொறுப்பை மறுத்தது பாரபட்சம் என்று ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது என்றாலும், எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அதை எடுத்துக்காட்டத் தயங்கமாட்டார்.

குருதி விடயம் முற்றிலும் வேறு. உங்கள் தங்கை தமக்குக் குருதி ஏற்றுவதை மறுத்தால், சுயநினைவுள்ள, வயதுவந்த ஒருவரின் முடிவு என்ற வகையில் வைத்தியர் அதை மதிக்க வேண்டும். ஆனால் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்காகப் பெற்றோர் எடுக்கும் முடிவு பிள்ளையின் நலனுக்குக் கட்டுப்பட்டது. பிள்ளைகள் தொடர்பான எந்த விடயத்திலும் அவர்களின் அதியுயர் நலனே தலையாயது என 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கக் குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் தொடர்பான சர்வதேச சமவாயச் சட்டத்தின் 5 ஆம் பிரிவு கூறுகிறது. நம் அரசியலமைப்பில் உயிர்வாழும் உரிமை வெளிப்படையாக எழுதப்படாவிட்டாலும், அது அடங்கியே இருக்கிறது என்று 2003 இல் சிறியாணி சில்வா வழக்கில் உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. இதனுடன், தேவையான வைத்திய உதவியைப் பிள்ளைக்கு அளிக்கத் தவறும் பெற்றோரைக் கவனிப்பில் தவறியவர்களாகக் கொள்ளும் 1939 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தையும் சேர்த்துப் பார்த்தால், உங்கள் பக்கம் நியாயம் இருப்பது தெரியும்.

வைத்தியர்களே துணிந்து ஏற்றிவிட்டால் என்ன என்று நீங்கள் நினைக்கலாம். சம்மதம் பெற எவரும் இல்லாத அவசர வேளையில் நல்லெண்ணத்துடன் சிகிச்சை அளிக்கும் வைத்தியரைத் தண்டனைச் சட்டக்கோவை பாதுகாக்கிறது. சத்திரசிகிச்சை மேசையில் உயிர் ஊசலாடும் நிலையில், மறுப்பையும் மீறி வைத்தியர் செயற்பட்டால் அவருக்கு வலுவான நியாயம் உண்டு. ஆனால் முன்கூட்டியே திகதி குறித்து, பெற்றோர் எழுத்தில் மறுத்துக் கையொப்பமிட்ட சிகிச்சையில் அந்தப் பாதுகாப்பு ஐயத்துக்குரியதாகிவிடுகிறது. இத்தகைய இடத்தில் வைத்தியசாலை நீதிமன்றக் கட்டளையை எதிர்பார்ப்பதைத் தவறென்று நான் சொல்லமாட்டேன்.

எனவே முதலில் வைத்திய நிபுணரைச் சந்தியுங்கள். இரும்புச்சத்து மருந்துகளால் முன்னதாகவே குருதியிலுள்ள ஈமோகுளோபினின் அளவை உயர்த்துவது, கசிவைக் குறைக்கும் மருந்துகள், சத்திரசிகிச்சையின்போது கசியும் பிள்ளையின் சொந்தக் குருதியையே சேகரித்துத் திரும்பச் செலுத்தும் கருவி ஆகியவை இச்சபையினர் பலர் ஏற்றுக்கொள்ளும் வழிகள். அவை போதுமானால் வழக்கே வேண்டியதில்லை. போதாதென்று நிபுணர் கருதினால், குருதி ஏற்றாவிட்டால் நேரக்கூடிய ஆபத்தை அவர் எழுத்தில் பதியும்படி வைத்தியசாலைப் பணிப்பாளரிடம் கடிதம் கொடுத்துக் கேளுங்கள். நீதிபதிக்குத் தேவைப்படும் முதல் ஆவணம் அதுவே. உறவினரின் கண்ணீரை விட அந்த ஒற்றைப் பக்கத்துக்குப் பெறுமதி அதிகம்.

அடுத்து, பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு அலுவலரிடமோ, மாகாண நன்னடத்தை அலுவலரிடமோ, பொலிஸ் நிலையத்தின் சிறுவர், மகளிர் பணியகத்திலோ தகவல் கொடுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். மேற்சொன்ன கட்டளைச் சட்டத்தின் கீழ் பிள்ளையை நீதவான் முன் கொண்டுவருவது பொலிசாரினதும் அதிகாரம் பெற்ற அலுவலர்களினதும் வேலை. உங்கள் பங்கு தகவலும் சாட்சியமும். இதைத் தவிர, பராயமடையாதோரின் மேலான பாதுகாவலன் என்ற தகுதியில் மாவட்ட நீதிமன்றமும் தலையிடலாம் என்பதால், அவ்வழி பொருத்தமா என்று சட்டத்தரணியிடம் கேளுங்கள். வசதி குறைந்தவராயின் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். அடிப்படை உரிமை மனு இங்கே பொருந்தாது. அது அரச நிருவாகத்தின் செயலுக்கு எதிரானது, பெற்றோருக்கு எதிரானதல்ல.

எந்த நீதிமன்றமானாலும் கேட்க வேண்டியது இந்தச் சத்திரசிகிச்சையின்போது, நிபுணர் அவசியம் எனக் கருதினால், குருதி ஏற்ற அனுமதிக்கும் கட்டளையை மட்டுமே. பொறுப்பு மாற்றம் வேண்டாம். பெற்றோர் தம் தரப்பைச் சொல்ல நீதிபதி இடமளிப்பார். நீங்களும் அவர்களுக்கு முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள், ஏனெனில் நீதிமன்றம் ஆணையிட்டால் தம் மனச்சாட்சி மீறப்பட்டதாகக் கருதாமல் ஒத்துழைக்கும் பெற்றோரும் இருக்கிறார்கள். சிகிச்சைக்குப் பின் பிள்ளை திரும்பப் போவதும் அந்த வீட்டுக்குத்தான்.

திகதி நெருங்குவதால் நிபுணரின் கடிதத்தை இந்த வாரமே கேட்டு வாங்குங்கள்.