பழைய கண்ணாடி மாளிகையில் உடைந்த கண்ணாடியை மட்டும் மாற்றினால் போதாதா?

பெங்களூரு லால்பாக் கண்ணாடி மாளிகையைப் பார்த்துவிட்டு இப்படிக் கேட்டிருக்கிறீர்கள். போதாது. 1889இல் அடிக்கல் நாட்டிய அந்த மாளிகைக்கு எலும்பு வார்ப்பிரும்பு. இந்த வகைக் கட்டடங்களில் கண்ணாடிக்கு எமன் துருதான். துருப்பிடித்த இரும்பு பல மடங்கு உப்பும். சட்டத்துக்குள் இருக்கும் கண்ணாடியை நெருக்கிக் கீறல் விடவைக்கும். கண்ணாடியைச் சட்டத்தில் பதிக்க, ஆளிவிதை எண்ணெயில் சுண்ணப்பொடி பிசைந்து பூசிய பழைய புட்டிப் பசையோ காய்ந்து கல்லாகிவிடும். நகத்தால் தட்டினால் பொருக்காக உதிரும். அந்த இடுக்கில்தான் மழைநீர் இறங்குகிறது.

அதனால் முதலில் துருவைச் சுரண்டி, உடனே பிரைமர் என்ற அடிப்பூச்சு அடிக்க வேண்டும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். தகுந்த முகமூடி இல்லாமல் சுரண்டவே கூடாது. அப்புறம், வெடித்த வார்ப்பிரும்பைச் சாதாரண வெல்டிங்கில் ஒட்டவிடாதீர்கள். கார்பன் அதிகமுள்ள இரும்பு அது. சூடேறி ஆறும்போது பக்கத்திலேயே இன்னொரு விரிசல் விடும்.