ஒற்றைக் கொடி

அன்புள்ள ஐயா,

ஆக்லாந்தில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். இங்கே வேலி முழுக்க ஒரு கொடி. பளபளவென்று கரும்பச்சை இலை. காட்டில் ஒரே ஒரு செடியாக மிஞ்சியிருந்த இனமாம் இது. ஆனால் நர்சரியில் வரிசையாக விற்கிறார்கள்! இத்தனை இருக்கும்போது அழியும் இனம் என்பது ஏன்? ஊருக்கு ஒரு போத்து கொண்டுவரலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் சொல்வது டெகோமாந்தி ஸ்பெசியோசா. நம் பாதிரி மரத்தின் குடும்பம். நியூசிலாந்தின் வடமுனையிலிருந்து சுமார் 55 கிலோமீட்டர் தள்ளிக் கடலில் இருக்கும் ‘மூன்று அரசர்கள்’ தீவுகள்தான் அதன் ஊர். அங்குள்ள பெரிய தீவை மாவோரி மக்கள் மனவதாவி என்கிறார்கள்.

அந்தத் தீவில் 1889இல் ஆடுகளை விட்டார்கள். கப்பல் உடைந்து கரையேறுபவர்கள் பசியால் சாகக் கூடாது என்ற எண்ணம்தான். அந்தப் பயம் வீணும் அல்ல; 1902இல் எலிங்கமைட் என்ற கப்பல் அதே தீவுக்கூட்டத்தில் பாறையில் மோதி 45 பேர் இறந்தார்கள். அதனால் ஆடு விட்டவர்களை என்னால் திட்ட முடியவில்லை. ஆனால் ஆடுகள் பெருகித் தீவையே மேய்ந்துவிட்டன. நம் ஊரில் ஆடும் செடியும் ஒன்றாகவே வளர்ந்தவை. ஆடாதொடை கசந்து தப்பிக்கும், காரைச்செடி முள்ளால் தப்பிக்கும். நியூசிலாந்திலோ மனிதர் வரும்வரை தரையில் மேயும் பாலூட்டியே கிடையாது. எதிரியைப் பார்த்தே இராத செடிகள் என்ன செய்யும்?

1945இல் தாவரவியலாளர் ஜெஃப் பேலிஸ் அங்கே போனபோது, ஆடு எட்டாத சரிவில் இந்தக் கொடி ஒன்றே ஒன்று நின்றது. இன்னொரு மர இனத்திலும் ஒரே ஒரு மரம்தான் மீதி. அதற்குப் பின்னாளில் பேலிஸின் பெயரையே வைத்தார்கள். மறு வருடமே ஆடுகள் அத்தனையையும், ஏறக்குறைய 400 இருக்கும், சுட்டு ஒழித்தார்கள். கொடியிலிருந்து போத்து வெட்டி நியூசிலாந்தின் பெருநிலத்துக்குக் கொண்டுபோய் வளர்த்தார்கள். உங்கள் மகள் வீட்டு வேலியில் இருப்பதும் அந்த வழி வந்ததுதான்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. வேலிகள் ஆயிரம் இருக்கலாம், கொடி ஒன்றுதான். விதை விழுகிறது, முளைக்கவும் செய்கிறது. ஆனால் அந்த விதைக்குத் தாயும் தகப்பனும் அதே கொடி. ரஸ்தாளித் தோட்டத்தில் வாடல் நோய் புகுந்தால் என்ன ஆகும் என்று நம் விவசாயிகளைக் கேளுங்கள். எல்லாம் ஒரே வழிக் கன்று என்பதால் ஒன்று விழுந்தால் மற்றதற்கும் தாங்கும் சக்தி இருப்பதில்லை. பல கொடிகள் இருந்த காலத்தில் அவற்றுக்குள் இருந்திருக்கக்கூடிய வேறுபாடுகள் ஆட்டின் வயிற்றில் போய்விட்டன. எந்த நர்சரியாலும் அதைத் திருப்பித் தர முடியாது.

தீவில் அந்தப் பழைய கொடி தரையைத் தொட்ட இடங்களில் தானாகவே பதியன் போட்டதுபோல வேர்விட்டுப் புதிய தண்டுகள் எழுந்திருக்கின்றன. ஆடு போன பிறகு காடும் திரும்பியிருக்கிறது. இதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது.

அப்புறம் அந்தப் போத்து. தயவுசெய்து வேண்டாம். செடியோடு வரும் பூச்சியும் நோயும் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் விமான நிலையத்தில் அவ்வளவு கெடுபிடி. நல்ல எண்ணத்தோடு ஓர் உயிரை இடம் மாற்றியதில்தான் இந்தக் கதையே தொடங்கியது.

ஜூன் வரை அங்கே இருப்பீர்கள் என்றால் ஒரு வேலை செய்யுங்கள். குளிர் தொடங்கும்போது அது பூக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. இலைகளை விலக்கி உள்ளே முற்றிய தண்டைப் பாருங்கள்; வெண்ணெய் நிறத்தில், குழல் குழலாகக் கொத்துக் கொத்தாகத் தொங்கும். ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். நான் இன்னும் நேரில் பார்த்ததில்லை.

அன்புடன்