மகன் கடற்படைக்குப் போகிறான் – கடிதம்

அன்புள்ள அக்கா,

வணக்கம். நாங்கள் டெக்சாஸில் டாலஸ் பக்கம் இருக்கிறோம். ஒரே மகன், 19 வயது, இங்கேயே பிறந்தவன். போன வருடம் கம்ப்யூட்டர் சயன்ஸ் சேர்ந்தான். இரண்டாவது செமஸ்டரில் பாதிப் பாடங்கள் போய்விட்டன. வீட்டுக்கு வந்து ஒரு கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன், சென்ற மாதம் சாப்பிட்டுக்கொண்டே, அமெரிக்கக் கடற்படையில் சேரக் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்றான். இன்னும் இரண்டு மாதத்தில் கிளம்ப வேண்டுமாம். என்ன வேலை என்று கேட்டால் அவனுக்கே தெரியவில்லை. பேப்பரில் 'சீமேன்' என்று மட்டும் இருக்கிறது. கப்பலுக்குப் போனபிறகு பிடித்த வேலையை எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னார்களாம்.

அவன் அப்பா அன்றிலிருந்து அவனோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கோயம்புத்தூரிலிருந்து மாமியார், "பையன் நேவில ஆபீசரா?" என்கிறார். என்ன சொல்ல? நீங்கள் கடற்படைத் தளம் இருக்கும் நார்ஃபோக்கில் இருப்பதால் கேட்கிறேன். இதைத் தடுக்க வழி உண்டா? இல்லையென்றால் நான் எப்படி அவனுக்குத் துணையாக நிற்பது?

எஸ்.

அன்புள்ள எஸ்,

தடுக்க உங்களுக்கு வழி இல்லை. அவனுக்கு இருக்கிறது. 18 வயது ஆனவனுக்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டியதில்லை. ஆனால் பயிற்சிக்குக் கிளம்பும் நாள் வரை அவன் காத்திருப்புப் பட்டியலில்தான் இருக்கிறான். அதற்குள் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வரலாம். அபராதம், வழக்கு எதுவும் கிடையாது. ஆள்சேர்ப்பு அலுவலகத்தில் கொஞ்சம் குரல் உயரலாம், அவர்களுக்கும் மாத இலக்கு உண்டு. இதை அவனிடம் ஒரே ஒரு முறை சொல்லுங்கள். நீங்கள் அங்கே போய் உட்கார வேண்டாம். கல்லூரிச் சேர்க்கைக்கு நாம் கூடப் போய் நின்றதே போதும்.

அவன் சேர்ந்திருப்பது என்னவென்று சொல்கிறேன். வேலை குறிக்காமல் எடுப்பவர்களை மூன்று பிரிவாக எடுக்கிறார்கள். சீமேன் என்றால் கப்பலின் மேல்தளம். ஃபயர்மேன் என்றால் எஞ்சின் பகுதி. ஏர்மேன் என்றால் விமானங்களைச் சுற்றியுள்ள வேலை. ஒப்பந்தத்திலேயே வேலை குறிக்கப்பட்டவர்கள் அடிப்படைப் பயிற்சி முடிந்ததும் அந்தத் தொழிலுக்கான பள்ளிக்குப் போவார்கள், சிலருக்கு அது மாதக்கணக்கில் நடக்கும். உங்கள் பையன் மாதிரி ஆட்கள் அடிப்படைப் பயிற்சிக்குப் பிறகு இன்னும் சில வாரப் பயிற்சியோடு நேராகக் கப்பலுக்கு.

அங்கே என்ன செய்வான்? துரு எடுப்பான். காற்றழுத்தத்தில் படபடவென்று அடிக்கும் ஒரு கருவியால் துருவைக் கொத்தி, தேய்த்து, பிரைமர் பூசி, சாம்பல் பெயின்ட் அடிப்பான். கடல் உப்பு சும்மா இருக்காது, மறுபடி முதலிலிருந்து. துறைமுகத்தில் கை கனத்துக்கு மேல் தடிமனான கயிறுகளை இழுப்பான். நடுக்கடலில் இரண்டு கப்பல்கள் சுமார் 50 மீட்டர் இடைவெளியில் இணையாக ஓடிக்கொண்டே எரிபொருள் மாற்றும்போது அந்தக் கயிற்றுப் பக்கத்தில் நிற்பான். சில மாதம் சமையற்கூடத்தில் தட்டு கழுவவும் அனுப்புவார்கள். புதிதாக வரும் கீழ்நிலை ஆட்கள் பெரும்பாலோருக்கும் அந்த முறை உண்டு, தண்டனை என்று நினைத்துவிடாதீர்கள்.

எங்கள் தெருவில் ஒரு குஜராத்திக் குடும்பத்துப் பையன் இப்படித்தான் சீமேனாகப் போனான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவன் நகக்கண்ணெல்லாம் சாம்பல் பெயின்ட். மூன்று முறை ரசம் வாங்கிக்கொண்டான். டெஸ்ட்ராயர் என்ற போர்க்கப்பலில் முறைப்பணி வரும்போது சுக்கான் அவன் கையில்தானாம். அது சுமார் 9,000 டன் கப்பல். "ஆன்ட்டி, நான் கார் ஓட்டினால் அப்பா இன்னும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிரேக் மிதிக்கிறார்" என்று சிரித்தான். அதிகாரி சொல்லும் திசைக்குத்தான் திருப்புகிறான் என்றாலும், 19 வயதில் அது சின்ன வேலையில்லை.

சரி, "பிடித்த வேலையை எடுத்துக்கொள்ளலாம்" என்ற பேச்சுக்கு வருவோம். அது பாதி உண்மை. விண்ணப்பிக்கலாம். ஆனால் அந்தத் தொழிலில் காலியிடம் இருக்க வேண்டும், நுழைவுத் தேர்வு மதிப்பெண் அதற்குப் பொருந்த வேண்டும், கப்பலின் மேலதிகாரிகள் பரிந்துரைக்க வேண்டும். நல்ல வேலைக்காரனை மேல்தளம் லேசில் விடாது. அதனால் பலர் மேல்தளத்திலேயே தொழில் எடுத்து, அங்கேயே மூத்தவர்களாகிவிடுகிறார்கள். அதிலும் கேவலம் ஒன்றுமில்லை. கார்ல் பிரஷியர் என்பவர் 1948இல் இதே கடற்படையில் சேர்ந்தபோது கறுப்பின இளைஞர்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்த உணவுக்கூடப் பணியில்தான் போட்டார்கள். அங்கிருந்து மேல்தளத் தொழிலுக்கு மாறி, ஆழ்கடல் முக்குளிப்பவராகி, விபத்தில் ஒரு கால் போன பிறகும் 1970இல் மாஸ்டர் டைவர் ஆனார், முக்குளிப்பவர்களில் அதுதான் உச்ச நிலை. ஆனால் ஆயிரத்தில் ஒருவரைக் காட்டி உங்களைத் தேற்ற எனக்கு விருப்பமில்லை.

என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். அவன் ஏன் இதை எடுத்தான் என்று கேளுங்கள். மதிப்பெண் போதவில்லையா, நிறக்குருடு மாதிரி ஏதாவது தடையா, அன்றைக்குக் காலியிடம் இல்லையா, அல்லது வீட்டைவிட்டுச் சீக்கிரம் போனால் போதுமென்று கிடைத்த தேதியைப் பிடித்தானா? கடைசிக் காரணம்தான் என்றால், கிளம்பும் தேதியைத் தள்ளிப்போட்டு, வேலை குறித்த ஒப்பந்தம் கிடைக்குமா என்று அவனே கேட்கலாம். இரண்டு மூன்று மாதம் காத்திருப்பது நான்கைந்து வருடத்துக்கு நல்லது. வாயால் சொன்னதெல்லாம் காற்றோடு போகும், ஒப்பந்தத் தாளில் உள்ளது மட்டுமே நிற்கும். அதையும் கேட்டுவிட்டு, இதற்குத்தான் போவேன் என்றால் விட்டுவிடுங்கள். உண்மையில் உங்கள் கடிதத்தில் அவன் முடிவைவிட மாமியாரின் கேள்விதான் உங்களை அதிகம் உறுத்துவதாக எனக்குப் படுகிறது. "ஆபீசர் இல்லை அத்தை, மாலுமி. கப்பல்ல வேலை" என்று சொல்லுங்கள். அவர் இரண்டு நாள் வருத்தப்படுவார், அப்புறம் பக்கத்து வீட்டில் பெருமையடிப்பார்.

அடிப்படைப் பயிற்சி சிகாகோவுக்கு வடக்கே கிரேட் லேக்ஸில், ஒன்பது பத்து வாரம். போன அன்று "வந்து சேர்ந்துவிட்டேன்" என்று சில நொடி போன் வரும், குரல் ரோபோ மாதிரி இருக்கும், பதறாதீர்கள். சில நாளில் அவன் போட்டுக்கொண்டு போன துணிமணி ஒரு பெட்டியில் திரும்பி வரும். அந்தப் பெட்டியைப் பிரிக்கும்போது அழாத அம்மாவை நான் பார்த்ததில்லை. பிறகு கடிதம்தான். நிறைய எழுதுங்கள், வீட்டு நாய், மழை, எந்தக் கடை மூடிவிட்டது, இந்த மாதிரி. படிக்கிறாயா, தேர்வு எப்போது என்று எழுதாதீர்கள். பயிற்சிக் காலத்தில் தின்பண்டம் அனுப்பக் கூடாது. கப்பலுக்குப் போனபிறகு அனுப்பலாம், முறுக்கு தூளாகத்தான் போய்ச்சேரும், அதையும் நண்பர்களோடு சண்டை போட்டுத் தின்பான்.

அவனுக்குக் கிடைக்கும் கப்பல் கடலில் இருக்கிறதா, பழுதுபார்ப்பில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். இங்கே பக்கத்தில் நியூபோர்ட் நியூஸ் கப்பல் கட்டும் தளத்தில் பல வருடப் பழுதுபார்ப்பில் நின்ற ஜார்ஜ் வாஷிங்டன் கப்பலைச் சேர்ந்த மூன்று பேர் 2022 ஏப்ரலில் ஒரே வாரத்தில் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். இரைச்சலும் தூசியும், சரியான தங்குமிடம் இல்லை, செய்ய வந்த வேலையும் இல்லை. கடல் கஷ்டத்தைத் தாங்குகிற பிள்ளைகள் இதில் நொறுங்கிப்போகலாம். போனில் குரல் மாறினால், "சமாளிச்சுக்கோ" என்று சொல்லாமல் கேளுங்கள். கப்பலில் மதகுரு இருப்பார், அவரிடம் பேசுவது மேலதிகாரிக்குப் போகாது. 988 அழைத்து 1ஐ அழுத்தினால் படையினருக்கான உதவி கிடைக்கும். ஒவ்வொரு கப்பலுக்கும் குடும்பங்களோடு தொடர்பில் இருக்க ஆம்பட்ஸ்மன் என்று ஒருவர் உண்டு, அந்த எண்ணை வாங்கி வையுங்கள். ஊரில் யாருக்காவது முடியாமல் போனால் செஞ்சிலுவைச் சங்கம் வழியாகக் கப்பலுக்குத் தகவல் அனுப்பலாம். கப்பல் எப்போது எங்கே போகிறது என்பதை மட்டும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள்.

கல்லூரி பற்றிக் கவலை வேண்டாம். மூன்று வருடம் முழுநேரப் பணி செய்து நல்லபடியாக வெளியே வந்தால், 36 மாதப் படிப்புக்கு அரசே உதவும். சொந்த மாநில அரசுக் கல்லூரி என்றால் முழுக் கட்டணமும். ஆனால் இதை அப்பாவைச் சமாதானப்படுத்தும் அஸ்திரமாக எடுத்தால் பையனுக்குக் கோபம் வரும், அவன் படிப்புக்காகப் போகவில்லை.

அவன் அப்பா பேசாமல் இருக்கிறாரே, அதை உடைக்கச் சொற்பொழிவு வேண்டாம். பயிற்சி நிறைவு அணிவகுப்புக்கு, விருந்தினர் பட்டியலில் பெயர் இருப்பவர்களைத்தான் உள்ளே விடுவார்கள், அந்தப் பட்டியலைத் தருவது பையன். அப்பா பெயரையும் எழுதப்போகிறாயா என்று அவனிடம் கேளுங்கள், அவன் சொன்ன பதிலை அவரிடம் சொல்லுங்கள். சிகாகோவுக்கு மாற்றக்கூடிய டிக்கெட்டாக எடுங்கள். காய்ச்சலோ ஏதோ தேர்வில் தவறியோ பையன்கள் ஒரு வாரம் பின்தங்குவது சகஜம்.

அன்புடன்,
அக்கா