எடை போட்டுத்தான் சாப்பிட வேண்டுமா?

கேள்வி: சமச்சீராகச் சாப்பிட வேண்டும் என்கிறார்கள். எதை எவ்வளவு சாப்பிடுவது என்று எப்படித் தெரிந்துகொள்வது? தினமும் கிராம் கணக்குப் பார்க்க வேண்டுமா?

தினமும் வேண்டாம். ஒரு பத்து நாள் மட்டும் பார்த்தால் போதும். நான் அப்படித்தான் செய்தேன். சமையலறைத் தராசு ஒன்று வாங்கிவந்து, வாயில் போவதை எல்லாம் எடை போட்டேன்.

முதல் நாளே சொதப்பல். 200 கிராம் சோறு எடுத்து, கலோரி பார்க்கும் செயலியில் ‘அரிசி 200’ என்று பதிந்தேன். 700 கலோரி என்றது. பயந்துபோய்ப் பாதிச் சோற்றை எடுத்து வைத்துவிட்டேன் (நடுராத்திரியில் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தது தனிக்கதை). மறுநாள்தான் உறைத்தது, நான் பதிந்தது வேகாத அரிசியின் கணக்கு. 100 கிராம் அரிசி வெந்தால் 250 முதல் 300 கிராம் சோறாகிறது. கூடுவது தண்ணீர்தான், கலோரி இல்லை. என் தட்டில் இருந்த 200 கிராம் சோறு வெறும் 260 கலோரி. பருப்புக்கும் இதே கதைதான். அதனால் எந்த அளவைப் படித்தாலும் வேகவைத்ததா, வேகாததா என்று முதலில் பாருங்கள்.

நிஜமான அதிர்ச்சி மூன்றாம் நாள். வாணலியைத் தராசில் வைத்து, பூஜ்யமாக்கிவிட்டு, காய் வதக்க வழக்கமாக ஊற்றுவதுபோல எண்ணெயை ஒரு சுற்று ஊற்றினேன். ஒரு கரண்டி இருக்கும் என்பது என் எண்ணம். தராசு 38 கிராம் காட்டியது. கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி, மாவுச்சத்தும் புரதமும் 4. ஆக, அந்த ஒரு சுற்று எண்ணெய் மட்டும் 340 கலோரிக்கு மேல். நான் பயந்து ஒதுக்கிய சோறு அவ்வளவும் சேர்ந்தாலும் அதற்குக் குறைவு! அன்றிலிருந்து பாட்டிலைச் சாய்ப்பதில்லை, மேசைக்கரண்டியில் அளந்துதான் ஊற்றுகிறேன். ஒரு மேசைக்கரண்டி ஏறக்குறைய 120 கலோரி. பாதாம், வேர்க்கடலை போன்றவையும் இப்படித்தான். 30 கிராம் பாதாம் என்பது எண்ணினால் இருபத்துச் சொச்சம். டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு கொறித்தால் அது எப்போது தாண்டியது என்றே தெரியாது.

காய்கறியில் நேர்மாறு. நிறையச் சாப்பிடுகிறேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். நாள் முழுக்கக் கூட்டினால் 150 கிராம்கூடத் தேறவில்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்வது காயும் பழமுமாக நாளுக்குக் குறைந்தது 400 கிராம், அதிலும் உருளைக்கிழங்கு சேராது. அளவு என்றாலே குறைப்பது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். எனக்குக் கூட்ட வேண்டியதும் இருந்தது.

சரி, தராசு இல்லாமல்? தட்டை மனசுக்குள் பிரித்துக்கொள்ளுங்கள். பாதித் தட்டு காயும் பழமும், கால் பகுதி தானியம் (முழுத் தானியமானால் நல்லது), கால் பகுதி பருப்பு, முட்டை, மீன் போன்ற புரதம். ஹார்வர்டு பொதுச் சுகாதாரப் பள்ளி 2011-இல் வெளியிட்ட தட்டுப் படமும் இதைத்தான் காட்டுகிறது. கையை வைத்தும் அளக்கலாம்: வெந்த தானியம் மூடிய கை அளவு, மீனோ இறைச்சியோ விரல் நீங்கலாக உள்ளங்கை அளவு, வெண்ணெய் கட்டைவிரல் நுனி அளவு. துல்லியம் எதிர்பார்க்காதீர்கள். ஆனால் பெரிய உடம்புக்குப் பெரும்பாலும் கையும் பெரிதாக இருக்கும், அந்த வகையில் இது மோசமில்லை.

தட்டின் அளவையும் ஒருமுறை பாருங்கள். 28 செ.மீ. தட்டுக்கும் 23 செ.மீ. தட்டுக்கும் பார்வைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. பரப்பில் பெரியது கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. ‘கால் தட்டு’ என்றால் எந்தத் தட்டில் கால் என்பதும் கேள்விதானே.

பாக்கெட்டில் ‘ஒரு பரிமாறல்’ (serving, ஒரு தடவைக்கான அளவு) என்று போட்டிருப்பதை அறிவுரை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவில் அந்த அளவை மக்கள் வழக்கமாக எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்பதை வைத்துத்தான் நிர்ணயிக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. 2016-இல் விதி மாறியபோது ஐஸ்கிரீமுக்கு அரைக் கப் என்றிருந்தது மூன்றில் இரண்டு கப் ஆனது. ஜனங்கள் கூடுதலாகச் சாப்பிட ஆரம்பித்துவிட்டார்கள், அவ்வளவுதான் காரணம். நான் அந்த வரியைப் படித்ததும் பாக்கெட்டில் மொத்தம் எத்தனை பரிமாறல் என்று பார்த்துப் பெருக்கிக்கொள்கிறேன்.

சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இந்தப் பொதுக்கணக்கு பொருந்தாது, மருத்துவரையோ உணவியல் நிபுணரையோ கேளுங்கள். எண்ணி எண்ணிச் சாப்பிடுவதே மனசை அரிக்கும் என்றால் தராசுப் பக்கமே போகாதீர்கள், தட்டுக் கணக்கு போதும்.

என் தராசு இப்போது அலமாரியின் மேல்தட்டில் கிடக்கிறது. எப்போதாவது இறக்கி, கரண்டி இல்லாமல் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயைக் கண் மதிப்பில் ஊற்றிப் பார்ப்பேன். 14 கிராம் காட்ட வேண்டும். போன தடவை 22 காட்டியது.