வேலை போய்விட்டது, வாடகை கட்ட முடியவில்லை. திருகோணமலையில் குறைந்த வாடகைக்கு வீடு எப்படித் தேடுவது?

கேட்டவருக்கு 29 வயது. கடற்கரை விடுதி ஒன்றில் பார்த்த வேலை போய் இரண்டு மாதமாகிறது. உவர்மலையில் மாதம் 30,000 ரூபாய் வாடகைக்கு இருக்கிறார், ஒரு மாதம் நிலுவை. மனைவி, மூன்று வயதுக் குழந்தை. குறைந்த வாடகைக்கு வீடு எங்கே கிடைக்கும், சொந்தக்காரர் திடீரென்று எழுப்பிவிடுவாரா, அரசாங்க உதவி ஏதும் உண்டா என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, வீடு தேடுவதை நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இன்று பின்னேரமே சொந்தக்காரரிடம் போய், வேலை போன விஷயத்தை உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். நான் இதைச் செய்யாமல் மூன்று மாதம் ஒளிந்து திரிந்தவன்.

ஒன்பது வருடம் நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் இருந்தேன். 2022இல் டீசல் வரிசையும் பவர்கட்டும் நாட்டைப் பிடித்த நேரம், சீசன் தொடங்க வேண்டிய மாதங்களிலேயே அறைகள் காலி. ஜூன் கடைசியில் எங்களில் பாதிப் பேரை நிறுத்திவிட்டார்கள். அப்போது திருஞானசம்பந்தர் வீதிப் பக்கம் 22,000 ரூபாய் வாடகைக்கு இருந்தோம். சொந்தக்காரி ஓய்வுபெற்ற டீச்சர். ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் திகதி பின்னேரம் தானே நடந்து வந்து வாங்கிக்கொண்டு போவார். ஜூலையிலிருந்து ஐந்தாம் திகதி வந்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விடுவேன். பிள்ளைகளுக்கு அது பெரிய சந்தோஷம். எனக்கு மட்டும் கடலை நிமிர்ந்து பார்க்க முடியாது.

ஒக்டோபரில் பத்திரகாளி அம்மன் கோவில் வாசலில் அகப்பட்டுக்கொண்டேன். ஏச்சு விழும் என்று நின்றால் டீச்சர் கேட்டது ஒன்றுதான்: "முதலே சொல்லியிருந்தால் முற்பணத்தில் கழித்திருக்கலாமே தம்பி? நான் மருந்து எடுப்பதும் வாடகைக் காசில்தானே." அப்படியொரு வழி இருப்பதை நான் யோசித்தே பார்க்கவில்லை. வீட்டுக்கு வரும்போது ஆறு மாத முற்பணமாக 1,32,000 கொடுத்திருந்தேன், போகும்போது திருப்பித் தருவதாகப் பேச்சு. நிலுவை மூன்று மாதத்துக்கு 66,000 கழித்தோம். இன்னும் இரண்டு மாதம் இருக்க விட்டார், அதற்கு 44,000. மிச்சம் 22,000ஐ வெளியேறும் அன்று கையில் தந்தார். அந்த 22,000தான் புது வீட்டின் முற்பணத்துக்கும் லொறிக்கும் உதவியது. இன்னும் ஒரு மாதம் ஒளிந்திருந்தால் அதுவும் இல்லை.

ஆகவே உங்கள் முற்பணம் எவ்வளவு, அது மாதாமாதம் கழிகிற காசா, கடைசியில் திரும்புகிற காசா என்று ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். திரும்புகிற காசென்றால் அதை முழுவதும் வாடகையாகக் கரைய விடாதீர்கள். இன்னொரு வீட்டுக்குள் நுழைய உங்களிடம் இருப்பது அதுதான். பேசி முடித்ததை ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்பம் வையுங்கள்.

சரி, வீடு.

இணைய விளம்பரத்தில் தேடினால் டைல்ஸ் போட்ட வீடும் ஆறு மாதம், ஒரு வருட முற்பணமும்தான் வரும். புரோக்கர் ஒரு மாத வாடகையைத் தன் பங்காகக் கேட்பார். பார்க்கும் முன்பே போன் வழியாக "புக்கிங் காசு" கேட்கிறவர்களும் இருக்கிறார்கள், என் கூட்டாளி ஒருவர் 10,000 இழந்தார். குறைந்த வாடகை வீடு விளம்பரத்துக்கு வருவது அபூர்வம். வாய்க்கு வாய் போகும்.

நான் இரண்டு வாரம் பின்னேரங்களில் சைக்கிளில் சுற்றினேன். செல்வநாயகபுரம், லிங்கநகர், அன்புவழிபுரம், பாலையூற்று என்று ஒழுங்கை ஒழுங்கையாக. "வாடகைக்கு" என்று எழுதித் தொங்கவிட்ட வீடுகளை அல்ல, பூட்டிக் கிடந்த வீடுகளைப் பார்த்தேன். முற்றத்தில் இடுப்பளவு புல், விழுந்து முளைத்த தேங்காய், கேட்டில் துருப்பிடித்த பூட்டு. நம் ஊரில் இப்படிப்பட்ட வீடுகளுக்குப் பஞ்சமில்லை. சொந்தக்காரர் லண்டனிலோ கனடாவிலோ இருப்பார், சாவி இங்கே ஒரு உறவினரிடம் இருக்கும். வாடகைக்கு விட்டால் பிறகு எழும்ப மாட்டார்கள் என்ற பயத்தில் பூட்டியே வைத்திருப்பார்கள். வீடோ மாரிக்கு மாரி பழுதாகும்.

சாவி யாரிடம் என்று எப்படி அறிவது? ஒழுங்கை முனைக் கடையில் ஒரு பிளேன்டீ குடித்துக்கொண்டே கேளுங்கள். அதைவிட நல்ல ஆள் தபால்காரர். யார் வீட்டுக்குக் கடிதம் வருகிறது, யாருடையதை அடுத்த தெருத் தங்கச்சியிடம் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். எனக்குப் பாலையூற்று வீட்டைக் காட்டித் தந்தது அவர்தான். (மீட்டர் பார்க்க வருகிறவரையும் கேட்டேன். அவர் எரிந்து விழுந்தார். பில் கூடிய காலம், பாவம், எல்லாரும் அவரிடம்தான் ஏசியிருப்பார்கள்.)

சொந்தக்காரர் லண்டனில், சாவி டவுனில் இருக்கும் அக்காவிடம். "வாடகைக்குத் தருவதில்லை" என்றுதான் அக்கா தொடங்கினார். நான் வாடகையை விட்டுவிட்டு வீட்டைப் பற்றிப் பேசினேன்: கிணறு இறைக்க வேண்டும், பின்பக்க ஓடு நாலைந்து உடைந்திருக்கிறது, முற்றத்தைச் சுத்தமாக வைத்திருப்போம், தேங்காய் உங்களுக்கு. அக்கா இரண்டு நாள் யோசித்துவிட்டு, முன்பு எங்கே இருந்தீர்கள், அந்த வீட்டுக்காரரின் நம்பர் தாருங்கள் என்றார். டீச்சர் போனில் என்ன சொன்னாரோ தெரியாது, மறுநாள் சாவி வந்தது. மாதம் 8,000, ஒரு மாத முற்பணம். ஓடு மாற்றிய கூலியை நான் கேட்கவில்லை. நிலுவையோடு ராவோடு ராவாக இறங்கியிருந்தால் எந்த நம்பரைக் கொடுத்திருப்பேன் என்று இப்போதும் சில நேரம் நினைப்பேன்.

இந்த மாதிரி வீட்டில் சங்கடங்களும் உண்டு. ஒரு அறை அவர்கள் சாமானோடு பூட்டியே இருக்கும். ஜூலை, ஓகஸ்ட் விடுமுறைக்கு அவர்கள் வந்தால் எங்கே தங்குவார்கள் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். நாங்கள் கேட்காமல் விட்டு, அடுத்த ஓகஸ்டில் மூன்று வாரம் தம்பலகாமத்தில் மாமியார் வீட்டில் இருந்தோம். மாமியார் நல்லவர்தான், நான்தான் மூன்று வாரமும் சாப்பாட்டுத் தட்டைக் குனிந்து பார்த்தபடி இருந்தேன். சொந்த உறுதி உள்ள காணியா, அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணியா என்றும் கேளுங்கள், பெர்மிட் காணியில் வாடகைக்கு விடக் கட்டுப்பாடுகள் உண்டு. கொடுக்கும் ஒவ்வொரு சதத்துக்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

வீட்டை மழை நாளில் போய்ப் பாருங்கள். நாங்கள் பார்த்தது நவம்பரில், எந்த ஓடு ஒழுகுகிறது என்று வீடே சொல்லிவிட்டது. கோடையில் பார்ப்பதென்றால் கிணற்றை எட்டிப் பார்த்து, ஒரு வாய் தண்ணீரும் குடித்துப் பாருங்கள். கடலுக்குக் கிட்ட உள்ள கிணறுகள் பல ஆடி, ஆவணியில் உவர்த்துவிடும். இரண்டு குடும்பத்துக்கு ஒரே மின்மானி என்றால் இன்னும் கவனம். அலகு கூடக் கூட விலையும் ஏறுகிற கணக்கு என்பதால், இருவர் பாவனையும் ஒன்றாகச் சேரும்போது பில் இரட்டிப்பையும் தாண்டும். வாடகையில் மிச்சம் பிடித்த 2,000 அங்கே போய்விடும்.

உங்களுக்கு விடுதிக்காரர்களைத் தெரியும் என்பதால் இன்னொன்று. உப்புவெளி, அலஸ்தோட்டம், நிலாவெளிப் பக்கம் சீசன் சித்திரை, வைகாசியில் தொடங்கிப் புரட்டாதியோடு முடியும். வாடை பெயர்ந்து மழை தொடங்கினால் சின்ன கெஸ்ட் ஹவுஸ்கள் அறைகளைப் பூட்டி வைத்திருக்கும். பூஞ்சணம் பிடிக்காமல் ஆள் இருந்தால் போதும் என்று மாத வாடகைக்கு மலிவாகத் தருகிறவர்கள் இருக்கிறார்கள், என்னோடு வேலை செய்த பொடியன் ஒருவன் இரண்டு மாரியை அப்படியே கழித்தான். பங்குனியில் கட்டாயம் இறங்க வேண்டும், அறைக்குள் சமைக்கவும் விட மாட்டார்கள். தனி ஆளுக்குச் சரி. உங்கள் குழந்தையோடு அதைக் கடைசி வழியாக வையுங்கள்.

தூரமாகப் போனால் வாடகை குறையும், உண்மை. கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்த பிறகு, முன்பு 'பாதை' என்கிற படகில் ஏறிக் கடந்த ஊர் இப்போது பஸ்ஸில் ஏறினால் வந்துவிடுகிறது. சீனக்குடா, கன்னியா, தம்பலகாமம் எல்லாம் டவுனை விட மலிவு. ஆனால் பஸ் காசைக் கூட்டிப் பாருங்கள். தம்பலகாமத்தில் இருந்த மூன்று வாரமும் டவுனுக்குப் போய் வர எனக்கு நாளுக்கு 240 ரூபாய் போனது. அங்கேயே இருந்து மாதம் 24 நாள் போய் வந்தால் 5,760. வேலை இல்லாதவருக்கு டவுன் கிட்ட இருப்பது இன்னும் முக்கியம், ஏனென்றால் நாள் கூலி வேலை காலையில் ஏழு மணிக்குப் போனில்தான் வரும். அன்புவழிபுரம், பாலையூற்றைத் தாண்டிப் போக வேண்டாம் என்பது என் எண்ணம்.

எழுப்பிவிடுவாரா என்று கேட்டீர்கள். நீதிமன்றக் கட்டளை இல்லாமல் உங்கள் சாமானை வெளியே தூக்கிப் போடவோ பூட்டை மாற்றவோ அவருக்கு உரிமை இல்லை. பலவந்தமாக வெளியேற்றிச் சண்டை சச்சரவு வரும் நிலை என்றால், இரண்டு மாதத்துக்குள் 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்தை நாடித் திரும்ப உள்ளே போக வழி உண்டு. வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாக ஆலோசனை சொல்லும். மறுபக்கம், நொத்தாரிசு முன் எழுதிய குத்தகை என்றால், சொந்தக்காரர் வீட்டை விரைவாக மீட்க 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது. சட்டம் உங்களுக்குச் சில மாத அவகாசம் வாங்கித் தரும். வழக்காடி வெளியேறியவருக்கு இந்தச் சின்ன ஊரில் அடுத்த வீட்டைத் தருவது யார்? காசுக் கணக்கில் மட்டும் தகராறு என்றால் மத்தியஸ்த சபை போதும்.

உதவி என்று பார்த்தால், வேலையில்லாதவருக்கென்று மாதக் கொடுப்பனவு நம் நாட்டில் கிடையாது. வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் தரும் அஸ்வெசும கொடுப்பனவு இருக்கிறது. 2025 ஜனவரி முதல் வறியவர் பிரிவுக்கு மாதம் 10,000, மிக வறியவர் பிரிவுக்கு 17,500. கிராம சேவகரைப் பார்த்து, பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தில் விண்ணப்பம் எப்போது எடுக்கிறார்கள் என்று கேட்டுவையுங்கள். ஆனால் அடுத்த மாத வாடகைக்கு அதை நம்பி இருக்க வேண்டாம். வீடமைப்பு அதிகார சபைக்குப் போனால், பெரும்பாலும் சொந்தக் காணியில் கட்டுவதற்கான கடன், உதவி பற்றித்தான் சொல்வார்கள்.

உங்களுக்கு வர வேண்டிய காசு உங்கள் பழைய வேலையிலேயே இருக்கலாம். ஈ.டீ.எப். (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியம்) காசை வேலையை விட்டதும் எடுக்கலாம், ஐந்து வருடத்துக்கு ஒரு தடவைதான். ஈ.பீ.எப். (ஊழியர் சேமலாப நிதியம்) அப்படியல்ல, பொதுவாக ஆண்களுக்கு 55 வயது, பெண்களுக்கு 50 வரை பொறுக்க வேண்டும். 30 வீதம் எடுக்கலாம் என்பது வீடு கட்ட, வாங்க, வைத்தியத்துக்கு, வாடகைக்கு அல்ல. 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்த இடத்தில் நீங்கள் ஐந்து வருடம் முடித்திருந்தால், வருடத்துக்கு அரை மாதச் சம்பளக் கணக்கில் பணிக்கொடை உண்டு, 30 நாளில் தர வேண்டும். எனக்குத் தரவில்லை. தொழில் திணைக்கள அலுவலகத்தில் முறைப்பாடு எழுதிக் கொடுத்தேன், அடுத்த பெப்ரவரியில் வந்தது. மேலாளரின் முகம் பார்த்துச் சும்மா இருந்துவிடாதீர்கள், நான் நாலு மாதம் அப்படித்தான் இருந்தேன்.

வாடகை கட்ட வாராந்த நுண்கடன் எடுக்காதீர்கள். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா ஒன்றை அடைக்க இன்னொன்று என்று நாலு எடுத்து, கடைசியில் சவூதிக்குப் போனார்.

புது இடத்தில் என்ன வேலை என்று கேட்பார்கள். பொய் சொல்ல வேண்டாம், ஆனால் "வேலை இல்லை" என்ற இரண்டு சொல்லோடு நிறுத்தவும் வேண்டாம். நான் ஹோட்டல் வேலை போனதையும், வாடகை ஓட்டோ ஓடுவதையும், மனைவி தைப்பதையும், மாதம் இவ்வளவு வரும், இவ்வளவு தர முடியும் என்பதையும் சொன்னேன். மனைவியும் பிள்ளைகளும் கூடவே வந்தார்கள்.

நீங்கள் எழுதியதைப் பார்த்ததும் ஞாபகம் வந்தது, எங்கள் ஒழுங்கையில் நாலாவது வீடு சித்திரையிலிருந்து பூட்டிக் கிடக்கிறது. இரண்டு அறை, கிணறு உண்டு, கூரைத் தகரத்தில் ஒரு மூலை மட்டும் போய்விட்டது. சாவி யாரிடம் என்று நாளைக்குத் தபால்காரர் வரும்போது கேட்டுவிட்டு இதன் கீழேயே எழுதுகிறேன். அதற்குள் உங்கள் முற்பணத்தில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்து வையுங்கள்.