முப்பத்தொரு ஷீட்டை ஒரே அரேயில் சேர்ப்பது: எக்செல் விபிஏ கேள்வி பதில்

கேள்வி: அக்கா, எங்கள் கடையில் நாளுக்கு ஒரு ஷீட், மாதத்துக்கு 31. ஒவ்வொன்றிலும் சுமார் 800 வரி, 6 நெடுவரிசை. லூப் போட்டு ஒவ்வொரு செல்லாகப் படித்து, மொத்தக் கணக்கு ஷீட்டில் எழுதுகிறேன். திரை புதுப்பிப்பை (ஸ்கிரீன் அப்டேட்டிங்) நிறுத்தியும் மேக்ரோ, அதாவது எக்செலுக்குள் விபிஏ மொழியில் எழுதிய என் நிரல், இழுத்துக்கொண்டே இருக்கிறது.

பதில்: கணக்குப் போட்டுப் பாருங்கள் தம்பி. 31 × 800 × 6 = 1,48,800 செல். ஒவ்வொன்றையும் படிக்க ஒருமுறை, எழுத ஒருமுறை ஷீட்டுக்குப் போய் வருகிறீர்கள். மூட்டையாகத் தூக்க வேண்டியதை மணி மணியாகப் பொறுக்கும் வேலை இது. போதாததற்கு, ஃபார்முலா இருக்கும் புத்தகம் என்றால் எழுதும் ஒவ்வொரு முறையும் அது மறுகணக்கும் போடும். திரையை நிறுத்தியதால் இதெல்லாம் குறையாது.

வேரியன்ட் (எந்த வகை மதிப்பையும் ஏற்கும்) வகையில் ஒரு மாறி வைத்து, அதில் ரேஞ்சின் (செல்களின் தொகுதி) வேல்யூ2-வை, அதாவது அதன் மதிப்புகளை, அப்படியே போடுங்கள். 800 வரியும் ஒரே எட்டில் இருபரிமாண அரேயாக (நினைவகத்தில் வரியும் நெடுவரிசையுமாக எண்ணிட்ட மதிப்புகளின் அடுக்கு) வந்துவிடும். அதன் எண் 0-வில் அல்ல, 1-இல் தொடங்கும். சேர்க்கிற வேலை முழுவதும் நினைவகத்திலேயே நடக்கட்டும். கடைசியில் ரீசைஸ் போட்டு, எழுதும் ரேஞ்சை அரேயின் அளவுக்கு விரித்து, ஒரே தடவை எழுதுங்கள். ஷீட்டுக்கு 31 முறை போய் எடுத்து, ஒருமுறை எழுதினால் முடிந்தது.

கேள்வி: மேடம், ஒவ்வொரு ஷீட் வரும்போதும் ரீடிம் ப்ரிசர்வ் (இருக்கும் தரவை வைத்துக்கொண்டே அரேயின் அளவை மாற்றும் கட்டளை) போட்டு வரிகளைக் கூட்டினால் பிழை 9 வருகிறது.

பதில்: ப்ரிசர்வ் போட்டால் கடைசிப் பரிமாணத்தை மட்டுமே மாற்ற முடியும். வரி முதல் பரிமாணம், அதனால்தான் மறுக்கிறது. அரேயைத் திருப்பி வைத்துச் சமாளிப்பவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்காது. பெரிதாக்கும் ஒவ்வொரு முறையும் பழைய தரவு முழுவதும் புது இடத்துக்கு நகலாகும், ஷீட் கூடக்கூடச் சுமையும் கூடும்.

இப்படிச் செய்யுங்கள்: 31 இடம் உள்ள ஒரு வேரியன்ட் அரே. அதன் ஒவ்வொரு இடத்திலும் ஒரு ஷீட்டின் அரே. படிக்கும்போதே யூபவுண்டை (அரேயின் கடைசி எண், இங்கே வரிகளின் எண்ணிக்கை) கூட்டி வாருங்கள். மொத்த வரி தெரிந்தபின் ஒரே ஒரு ரீடிம், பிறகு நிரப்புதல். வரி எண்ணும் மாறியை லாங் (பெரிய முழு எண் வகை) என்று அறிவியுங்கள். இன்டிஜர் (சிறிய முழு எண் வகை) 32,767-ஐத் தாண்டினால் ஓவர்ஃப்ளோ பிழை வரும்.

கேள்வி: விடுமுறை நாள் ஷீட்டில் தலைப்பு மட்டும்தான். அந்தத் தலைப்பு தரவோடு கலந்து வருகிறதே?

பதில்: இதில் நானும் ஒருநாள் முழுக்கத் தேடி அலைந்திருக்கிறேன். கடைசி வரி 1 என்று வந்தால் உங்கள் ரேஞ்ச் ஏ2:எஃப்1 ஆகிவிடும். எக்செல் பிழை காட்டாது. தலைகீழாகக் கொடுத்ததைத் தானே திருத்தி ஏ1:எஃப்2 என்று எடுத்துக்கொள்ளும். கடைசி வரி 2-க்குக் குறைவென்றால் அந்த ஷீட்டைத் தாண்டிவிடுங்கள். ஒரே நெடுவரிசை படிப்பவர்களுக்கு இன்னொன்று: ரேஞ்ச் ஒற்றைச் செல் என்றால் அரே வராது, வெறும் மதிப்புதான் வரும். வந்தது அரேதானா என்று இஸ்அரே கொண்டு சோதித்தபின் யூபவுண்ட் கேளுங்கள்.

கேள்வி: தேதியெல்லாம் 45658 என்று வருகிறது!

பதில்: அது 2025 ஜனவரி 1 தான். வேல்யூ2 தேதியை எண்ணாகத்தான் தரும். எழுதிய நெடுவரிசைக்குத் தேதி வடிவம் கொடுங்கள், போதும்.

கேள்வி: இரண்டாம் முறை ஓட்டினால் மொத்தம் இரட்டிப்பாகிறது.

பதில்: மொத்தக் கணக்கு ஷீட்டையும் சேர்த்துப் படிக்கிறீர்கள். பெயர் பார்த்து விலக்குங்கள். எழுதும் முன் பழையதை அழிப்பதும் அவசியம். இந்த மாதம் வரி குறைந்தால் போன மாதத்து வால் கீழே ஒட்டிக்கொண்டிருக்கும்.

கேள்வி: மேக்ரோ இல்லாமல் முடியாதா அக்கா?

பதில்: முடியும். மைக்ரோசாஃப்ட் 365 இருந்தால் விஸ்டாக் (VSTACK) ஃபார்முலாவில் முதல் ஷீட்டையும் கடைசி ஷீட்டையும் குறிப்பிட்டாலே நடுவில் இருப்பவை எல்லாம் அடுக்காக வரும். காலிச் செல் 0 என்று தெரியும், அதை மட்டும் வடிகட்டிக்கொள்ளுங்கள். பைத்தான் பழக்கமென்றால், அதன் தரவு நூலகமான பாண்டாஸில் ஷீட் பெயருக்கு None என்று கொடுங்கள். எல்லா ஷீட்டும் ஒரு டிக்ஷனரியாக (பெயருக்கு ஒரு ஷீட் என்ற தொகுப்பாக) வரும். அங்கேயும் லூப்புக்குள் ஒட்டிக்கொண்டே போகாதீர்கள். எல்லாம் கைக்கு வந்தபின் ஒரே கான்கேட் (ஒன்றாக இணைக்கும் கட்டளை).