மூன்று மணிக்கு முன்னால் மோட்டல் அறை கிடைக்குமா?

கேள்வி: ஜூலையில் அப்பா, அம்மாவைக் கூட்டிக்கொண்டு நயாகரா போகிறோம். விடியற்காலை மூன்று மணிக்குக் காரில் கிளம்பினால் பத்தரைக்குள் அங்கே இருப்போம். நயாகரா ஃபால்ஸ் பூல்வார்டில் உள்ள ஒரு மோட்டலில் சனிக்கிழமை இரவுக்கு அறை போட்டிருக்கிறேன். செக்-இன் மதியம் மூன்று மணிக்குத்தான், முன்னால் வேண்டுமென்றால் 30 டாலர் கூடுதல் என்கிறார்கள். அப்பாவுக்குச் சர்க்கரை, அம்மாவுக்கு முழங்கால் வலி. அவ்வளவு நேரம் இவர்களை எங்கே உட்காரவைப்பது? கூடுதலாகப் பணம் கொடுக்காமல் சீக்கிரம் அறை வாங்க வழி உண்டா?
(எடிசன், நியூ ஜெர்சி வாசகர்)

பதில்: வழி உண்டு. ஆனால் நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் கிழமைதான் இடிக்கிறது.

காலை பத்து மணிக்கு மோட்டலில் இரண்டு வகை அறைகள்தான் கையில் இருக்கும். ஒன்று, முந்தைய இரவு யாருமே தங்காத அறை. படுக்கை விரித்தபடி, துண்டு மடித்தபடி தயாராக இருக்கும். அதை உங்களுக்கு ஐந்து மணி நேரம் முன்னால் கொடுப்பதால் மோட்டல்காரருக்கு நஷ்டம் எதுவும் இல்லை. இன்னொன்று, அப்போதுதான் ஆட்கள் காலி செய்த அறை. பெரும்பாலான இடங்களில் காலி செய்ய பதினொரு மணிவரை நேரம் உண்டு. அதன் பிறகு இரண்டு மூன்று பெண்கள் அத்தனை அறைகளையும் சுத்தம் செய்யவேண்டும். ஒரு அறைக்கு அரை மணி நேரமாவது பிடிக்கும். மூன்று மணி என்று போட்டிருப்பது இந்தக் கணக்கில்தான்.

ஆக, உங்களுக்குச் சீக்கிரம் அறை கிடைக்குமா என்பதை முந்தைய இரவு எத்தனை அறை காலியாகக் கிடந்தது என்பதுதான் முடிவு செய்யும். ஜூலை மாத வெள்ளிக்கிழமை இரவு நயாகராவில் ஒரு அறைகூடக் காலியாக இல்லாமல் போகலாம். அப்படியானால் சனிக்கிழமை காலை அவர்கள் மனது வைத்தாலும் கொடுக்க அறை இருக்காது. ஞாயிறு இரவு கூட்டம் கலைந்துவிடும். திங்கட்கிழமை காலை போய் நின்றால் சாவி கிடைக்கும் வாய்ப்பு பல மடங்கு அதிகம், வாடகையும் குறைவாக இருக்கும். ஒரு நாள் விடுப்பு எடுக்க முடியும் என்றால் பயணத்தைத் திங்கட்கிழமைக்குத் தள்ளிப் போடுங்கள். பதிவை ரத்து செய்யக் கடைசி நேரம் எது என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமையை மாற்றவே முடியாது என்றால், எல்லாம் தொலைபேசியில் இருக்கிறது. யாரை, எப்போது, என்ன கேட்பது என்பதுதான் விஷயம்.

ஒரே பெயரில் பல ஊர்களில் மோட்டல் வைத்திருக்கும் பெரிய சங்கிலி நிறுவனம் என்றால், அதன் பொது எண்ணை அழைக்காதீர்கள். அங்கே பேசுபவருக்கு எந்த அறை சுத்தமாக இருக்கிறது என்று தெரியாது. அந்த மோட்டலின் நேரடி எண்ணைப் பிடியுங்கள். முந்தைய நாளே கூப்பிட்டால் "வந்து பாருங்கள்" என்ற பதில்தான் வரும், ஏனென்றால் அவர்களுக்கே தெரியாது. அன்று காலை ஒன்பது மணி வாக்கில், வழியில் காபிக்கு நிறுத்தும்போது கூப்பிடுங்கள். இரவுக் கணக்கு முடிந்து, எது காலி, யார் இன்று கிளம்புகிறார்கள் என்ற பட்டியல் ரிசப்ஷனில் இருக்கும் நேரம் அது.

பேசும்போது "சீக்கிரம் செக்-இன் வேண்டும்" என்று ஆரம்பித்தால் உடனே 30 டாலர் விதியைச் சொல்லிவிடுவார்கள். அதற்குப் பதிலாக இப்படிக் கேளுங்கள்: "நேற்று இரவு காலியாக இருந்து, இப்போது சுத்தமாக இருக்கும் அறை ஏதாவது உண்டா? எதுவானாலும் சரி. இல்லையென்றால் எங்களுக்கு ஒதுக்கும் அறையை முதலில் சுத்தம் செய்யச் சொல்ல முடியுமா?" கூடவே அப்பா, அம்மாவின் வயதையும் உடல்நிலையையும் உள்ளபடி சொல்லுங்கள். பொய்க்காரணம் வேண்டாம், உண்மையே போதும். குடும்பமாக நடத்தும் சிறிய மோட்டல் என்றால் எடுத்துப் பேசுபவரே முதலாளியாக இருக்கலாம். அமெரிக்க மோட்டல்களில் பெரும் பங்கு இந்திய வம்சாவளியினர், அதிலும் குஜராத்திக் குடும்பங்கள் கையில் இருக்கிறது. பலர் அதே கட்டடத்தில்தான் குடியிருக்கிறார்கள். அங்கே முடிவு எடுக்க மேலே யாரையும் கேட்கவேண்டியதில்லை. சங்கிலி மோட்டலில் மேலாளர் இருக்கிறாரா என்று கேளுங்கள், அவருக்கு ஓரளவு அதிகாரம் உண்டு.

"எதுவானாலும் சரி" என்பதில் ஒரே ஒரு நிபந்தனை வைத்துக்கொள்ளுங்கள்: அறை தரைத்தளத்தில் இருக்கவேண்டும். இரண்டு மாடி மோட்டல்கள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது, வெளிப்படிக்கட்டுதான். அம்மாவின் முழங்காலுக்கு அது ஆகாது. மற்றபடி எந்தப் பக்கம் ஜன்னல், குளிர்சாதனப் பெட்டி உண்டா, பெரிய கட்டிலா என்பதையெல்லாம் விட்டுக்கொடுங்கள். நிபந்தனை கூடக் கூட, பொருந்தும் அறை குறைந்துகொண்டே போகும்.

எங்கே பதிவு செய்தீர்கள் என்பதும் கொஞ்சம் கணக்கில் வரும். எக்ஸ்பீடியா, புக்கிங் போன்ற இடைத்தளங்களில் "சீக்கிரம் வருவோம்" என்று எழுதினால் அது வெறும் வேண்டுகோளாகத்தான் மோட்டலுக்குப் போய்ச் சேரும். உறுதி எதுவும் இல்லை. நேரடியாகப் பதிவு செய்தவர்களுக்கு முதலிடம் கொடுக்கும் மோட்டல்கள் நிறைய உண்டு. அடிக்கடி சாலைப் பயணம் போகிறவர் என்றால் இலவச உறுப்பினர் திட்டங்களில் சேர்ந்துவிடுங்கள். சூப்பர் 8, டேஸ் இன் எல்லாம் அடங்கிய விண்டம் குழுமத்தில் பிளாட்டினம் நிலைக்கு வந்தவர்களுக்கு, அறை இருந்தால், சீக்கிரம் செக்-இன் செய்யும் சலுகை உண்டு. வருடத்துக்கு ஒருமுறை போகிறவருக்கு அந்த நிலை எட்டாது, அதற்காக மெனக்கெடவேண்டாம்.

இந்த 30 டாலரைப் பற்றியும் சொல்லவேண்டும். 2025 மே 12 முதல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையத்தின் விதிப்படி, ஹோட்டலோ மோட்டலோ விலையைக் காட்டும்போது கட்டாயக் கட்டணங்கள் எல்லாவற்றையும் சேர்த்த மொத்தத் தொகையைத்தான் காட்டவேண்டும். ஆனால் சீக்கிரம் செக்-இன் செய்வது உங்கள் விருப்பம் என்பதால் அது அந்த மொத்தத்துக்குள் வராது. அதாவது, கேட்பது சட்டவிரோதம் இல்லை. நீங்கள் சம்மதிக்காமல் கார்டில் எடுத்தால்தான் தகராறு. கொடுக்கலாம் என்று முடிவு செய்தாலும் முதலில் இரண்டு கேள்வி கேளுங்கள். பணம் கொடுத்தால் இத்தனை மணிக்கு அறை உறுதியா? ஒரு மணிக்கு வந்தாலும் அதே தொகைதானா? பல இடங்களில் மதியத்துக்குப் பிறகு பேசாமல் சாவியைக் கொடுத்துவிடுவார்கள். அறை தயாராகி, சாவி கைக்கு வரும்வரை ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள்.

அறை கிடைக்கவில்லை என்றாலும் பத்தரைக்கு நேராக மோட்டலுக்கே போங்கள். ஐடி, கார்டு காட்டிப் பதிவை முடித்துவிட்டு, கைபேசி எண்ணைக் கொடுத்து, அறை தயாரானதும் கூப்பிடச் சொல்லுங்கள். அங்கேயே கழிப்பறையைப் பயன்படுத்திக்கொள்ளலாமா, காரை நிறுத்திவிட்டுப் போகலாமா என்றும் கேளுங்கள். அதற்கு மறுக்கிறவர்கள் குறைவு. அருவி இருக்கும் நயாகரா ஃபால்ஸ் ஸ்டேட் பார்க் 1885-இல் திறந்த பூங்கா. உள்ளே போகக் கட்டணம் இல்லை, கார் நிறுத்தத்தான் கட்டணம். பூங்காவுக்குள் இருக்கும் கோட் ஐலண்ட் என்ற தீவில் மர நிழலில் பெஞ்சுகள் இருக்கின்றன. பெற்றோர் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டு ஓய்வெடுக்கலாம். படகுச் சவாரியை மறுநாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்பா இன்சுலின் போடுகிறவர் என்றால் அதைக் காரில் விட்டுவிடாதீர்கள், ஜூலை வெயிலில் மூடிய கார் அடுப்பாகிவிடும்.

அப்புறம், உங்களுக்காக ஒரு அறையை முன்னால் சுத்தம் செய்து கொடுத்தார்கள் என்றால், அந்தப் பெண்ணைப் பார்த்து கையில் சில டாலர் கொடுத்து நன்றி சொல்லுங்கள். வாசலில் நின்றுகொண்டு "ஆயிற்றா, ஆயிற்றா" என்று அவசரப்படுத்துவதைப் பார்த்திருக்கிறேன். மிகக் குறைந்த கூலிக்கு முதுகொடிய வேலை செய்பவர்கள் அவர்கள். முன்னால் கிடைக்கும் அறை உண்மையில் அவர்கள் கொடுப்பதுதான்.

கேள்வி: மாமனார், மாமியார் சென்னையிலிருந்து வருகிறார்கள். விமானம் 13-ஆம் தேதி விடியற்காலை நான்கு மணிக்கு இறங்குகிறது. விமான நிலையம் பக்கத்தில் ஒரு மோட்டலில் 13-ஆம் தேதிக்கு அறை போட்டால் போதும்தானே? ஐந்து மணிக்குப் போனால் கூடுதல் கேட்பார்களா?
(டாலஸ் வாசகி)

பதில்: போதாது. 13-ஆம் தேதி என்று பதிவு செய்தால் 13-ஆம் தேதி இரவு என்று அர்த்தம், அறை மதியம் மூன்று மணிக்குத்தான். விடியற்காலை ஐந்து மணி என்பது மோட்டல் கணக்கில் 12-ஆம் தேதி இரவின் வால். அந்த நேரத்தில் படுக்கை உறுதியாக வேண்டும் என்றால் 12-ஆம் தேதிக்குத்தான் அறை போடவேண்டும். அவர்கள் நீண்ட பயணம் முடித்து வருகிறார்கள், இதில் கஞ்சம் பிடிக்காதீர்கள் என்பது என் எண்ணம்.

12-ஆம் தேதிக்குப் போட்டுவிட்டு ஒரு வேலை கட்டாயம் செய்யுங்கள். மோட்டலை அழைத்து "விடியற்காலை ஐந்து மணிக்கு வருவார்கள், அறையை விட்டுவிடாதீர்கள்" என்று சொல்லி, சொன்னதைப் பதிவில் குறிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் வராதவர்கள் என்று கணக்கு முடித்து, பணத்தையும் எடுத்துக்கொண்டு, அறையை வேறொருவருக்குக் கொடுத்துவிட வாய்ப்பு உண்டு. இரவு முழுவதும் ரிசப்ஷனில் ஆள் இருப்பாரா என்பதையும் கேளுங்கள். சிறிய மோட்டல்களில் இரவு பூட்டிவிட்டுப் போவதும் உண்டு. அதே பதிவில் பதினொரு மணிக்குக் காலி செய்யவேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். அவர்கள் மதியம் வரை தூங்கட்டும் என்றால், ஒரு மணிவரை இருக்கலாமா என்று அன்று காலை ஒன்பது மணிக்குக் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: கோடையில் யூட்டாவின் கனாப் ஊரிலிருந்து அரிசோனாவின் பேஜ் ஊருக்குக் காரில் போனோம். என் கைக்கடிகாரத்தில் மூன்று மணி. மோட்டலில் இரண்டுதான் ஆகிறது, முன்னால் வந்ததற்குக் கட்டணம் என்றார்கள். ஏமாற்றுகிறார்களா?
(சியாட்டில் வாசகர்)

பதில்: இல்லை, அவர்கள் சொன்ன நேரம் சரி. அரிசோனா கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவதில்லை, யூட்டா தள்ளுகிறது. அதனால் எல்லையைத் தாண்டியதும் ஒரு மணி நேரம் கையில் கூடுகிறது. பேஜுக்குப் பக்கத்திலேயே இருக்கும், நவஹோ பழங்குடியினரின் தன்னாட்சி நிலம் அரிசோனாவுக்குள் இருந்தாலும் கோடை நேரத்தைக் கடைப்பிடிக்கிறது. அங்கே கைபேசியே மாற்றி மாற்றி நேரம் காட்டும். அந்தப் பக்கம் அறை போடும்போது "உங்கள் ஊர் நேரப்படி மூன்று மணியா" என்று கேட்டுக்கொள்ளுங்கள். கட்டணம் கேட்டால் கொடுக்காமல், ஒரு மணி நேரம் கிளென் கேன்யன் அணைப்பக்கம் போய்விட்டு வாருங்கள். ஊரை ஒட்டியே இருக்கிறது.